பழைய டெக்கீலா: செடியைச் சுவைக்கிறோமா, மரத்தைச் சுவைக்கிறோமா?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பனின் நாற்பதாவது பிறந்தநாள். ஐந்து பேர் காசு போட்டு ஒரு எக்ஸ்ட்ரா அன்யெஹோ டெக்கீலா வாங்கினோம். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். கனமான கண்ணாடிக் குப்பி, மரப்பெட்டி, உள்ளே வெல்வெட் துணி எல்லாம் உண்டு. ஒரு மடக்கு குடித்துவிட்டு நான் பெரிய ரசிகன் மாதிரி சொன்னேன்: "பிரமாதம். அப்படியே கொன்யாக் மாதிரி இருக்கு."

பிறந்தநாள்காரன் கிளாஸைக் கீழே வைத்தான். "டேய், கொன்யாக் மாதிரி இருக்குன்னா பாதி விலைக்குக் கொன்யாக்கே வாங்கியிருக்கலாமே?"

எல்லாரும் சிரித்தோம். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்து, படித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டின் சுருக்கம்தான் இந்தப் பதிவு. குடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் பாதிக்கு மேல் தாவரவியலும் வேதியியலும்தான். குடியுங்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. குடிப்பவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாமே என்பதுதான் விஷயம்.

முதலில் செடி

டெக்கீலா கள்ளிச்செடியிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கள்ளி இல்லை, அகாவே. நம்மூரில் ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் பெரிய வாள் மாதிரி மடல்களோடு நிற்குமே யானைக்கற்றாழை, அது இந்தக் குடும்பத்துச் செடிதான். டெக்கீலாவுக்கு உரியது அதில் ஒரே ஒரு வகை: நீல அகாவே. 1902-ல் வெபர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதை வகைப்படுத்தியதால் அவர் பெயரும் சேர்ந்து 'வெபர் நீல அகாவே' என்பார்கள்.

இந்தச் செடிக்குப் பொறுமை அதிகம். நட்டு அறுவடை செய்ய ஐந்து முதல் எட்டு வருஷம், சில சமயம் அதற்கும் மேல். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். பூக்க விட்டால் சேர்த்து வைத்த சர்க்கரை முழுவதும் பூந்தண்டுக்குப் போய்விடும், அதனால் தண்டு கிளம்பும்போதே வெட்டிவிடுவார்கள். புதுச் செடி விதையிலிருந்து வருவதில்லை. தாய்ச்செடியின் அடியில் வாழைக்கன்று மாதிரி முளைக்கும் பக்கக்கன்றை எடுத்து நடுகிறார்கள்.

அறுவடை செய்பவருக்கு ஹிமடோர் என்று பெயர். கையில் 'கோவா' என்ற நீளக் கைப்பிடி வைத்த வட்டக் கத்தி. மடல்களையெல்லாம் சீவித் தள்ளினால் நடுவில் ஒரு பெரிய அன்னாசிப்பழம் மாதிரி தண்டு மிஞ்சும். அதன் பெயரே 'பின்யா', ஸ்பானிஷில் அன்னாசி. முப்பது நாற்பது கிலோ சாதாரணம், அதற்கு மேலும் வரும். அதில் இருப்பது நேரடியான சர்க்கரை இல்லை, ஃப்ரக்டான் என்ற நீளச் சங்கிலி மாவுப்பொருள். அதை வேகவைத்தால்தான் சங்கிலி உடைந்து இனிப்பு வரும். செங்கல் சூளையில் வைத்து ஒன்றரை நாள், இரண்டு நாள் மெதுவாக வேகவைப்பது பழைய முறை. அழுத்தக் கொப்பரையில் வைத்துச் சீக்கிரம் வேகவைப்பது அடுத்த முறை. வேகவைக்காமலே துருவி, தண்ணீர் விட்டுச் சாற்றைப் பிரித்து, பிறகு சாற்றை மட்டும் சூடாக்குவது ஆலை முறை.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'செடியின் மணம்' என்று பின்னால் சொல்லப்போவது பெரும்பாலும் இங்கே பிறப்பது. மெதுவாக வெந்த அகாவே, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கருப்பட்டியும் சேர்ந்த மாதிரி மணக்கும். அதோடு கொஞ்சம் மிளகு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல், அரைத்த பச்சிலை. பிறகு பிழிந்து, நொதிக்க வைத்து, இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரு லிட்டர் டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 6, 7 கிலோ அகாவே வேண்டும்.

ஆக, பீப்பாயில் போடுவதற்கு முன்னாலேயே அந்தத் திரவத்துக்கு ஏழெட்டு வயசு. விஸ்கிக்கான பார்லி சில மாதப் பயிர். பழைய டெக்கீலாவைப் பழைய விஸ்கியோடு ஒப்பிடும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

பெயர்களும் சட்டமும்

டெக்கீலா என்ற பெயருக்கு மெக்சிகோ அரசு 1974-ல் புவிசார் காப்பு கொடுத்தது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவகான், நயாரித், தமௌலிபாஸ் மாநிலங்களில் சில பகுதிகளும், அவ்வளவுதான் எல்லை. 1994 முதல் டெக்கீலா ஒழுங்காற்று மன்றம் என்ற அமைப்பு கண்காணிக்கிறது.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது '100 சதவீதம் அகாவே' என்ற சொல். அது இல்லையென்றால் 51 சதவீதம் மட்டும் அகாவே சர்க்கரை இருந்தாலே போதும், மீதி வேறு சர்க்கரை என்று அர்த்தம். நாள்பட்ட டெக்கீலா வாங்கும்போது அந்த இரண்டாம் வகையை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது வயசு.

பிளாங்கோ: பீப்பாய் பார்க்காதது, அல்லது இரண்டு மாதத்துக்குள்.
ரெபோசாடோ: 'ஓய்வெடுத்தது'. குறைந்தது இரண்டு மாதம்.
அன்யெஹோ: குறைந்தது ஒரு வருஷம், 600 லிட்டருக்கு மிகாத பீப்பாயில்.
எக்ஸ்ட்ரா அன்யெஹோ: குறைந்தது மூன்று வருஷம், அதே 600 லிட்டர் வரம்பு.

கடைசி வகை 2006-ல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே நாள்பட்டவை இருந்தன. ஹொசே குயேர்வோ நிறுவனம் தன் 200-வது ஆண்டுக்காக 1995-ல் 'ரெசெர்வா தெ லா ஃபமிலியா' என்பதைக் கொண்டுவந்தது. வருஷா வருஷம் ஒரு மெக்சிகோ ஓவியர் அதன் பெட்டிக்குப் படம் வரைவார். ஆனால் 2006 வரை மூன்று வருஷம் வைத்தாலும் பத்து வருஷம் வைத்தாலும் சட்டப்படி பெயர் 'அன்யெஹோ' மட்டும்தான்.

600 லிட்டர் வரம்பு எதற்கு? பீப்பாய் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரத்தின் பரப்பு குறையும். பெரிய தொட்டியில் ஊற்றி வைத்துவிட்டு 'பழையது' என்று சொல்ல விடாமல் தடுக்கத்தான்.

இங்கே இரண்டு தப்பெண்ணங்கள். ஒன்று, எக்ஸ்ட்ரா அன்யெஹோ என்றால் மிகப் பழையது என்பது. மூன்று வருஷம் ஒரு நாள் ஆனாலும் அதே பெயர், பதினைந்து வருஷம் ஆனாலும் அதே பெயர். எத்தனை வருஷம் என்று லேபிளில் தனியாக எழுதியிருந்தால்தான் தெரியும். இரண்டு, லேபிளில் உள்ள எண்ணை வயசாக எடுத்துக்கொள்வது. 'டான் ஹூலியோ 1942' பாட்டிலைக் காட்டி "எண்பது வருஷப் பழசு" என்று ஒருத்தர் என்னிடம் சத்தியம் செய்தார். 1942 என்பது டான் ஹூலியோ கொன்சாலெஸ் தொழில் தொடங்கிய வருஷம். அந்தச் சரக்கு எக்ஸ்ட்ரா அன்யெஹோகூட இல்லை, அன்யெஹோ வகை.

இன்னொன்றும் லேபிளில் தேடுங்கள்: 'நோம்' என்ற மூன்று எழுத்தும் பக்கத்தில் நாலு இலக்க எண்ணும். எந்த ஆலையில் தயாரானது என்பதற்கான எண் அது. பெயர் வேறு வேறாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால் ஆலை ஒன்றுதான். இந்த எண் ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது

பெரும்பாலான பீப்பாய்கள் அமெரிக்காவிலிருந்து வருகிற பழைய போர்பன் பீப்பாய்கள். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உள்பக்கம் கருக்கிய ஓக் மரக் கலனில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் மலிவாக வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. கொள்ளளவு சுமார் 200 லிட்டர். சிலர் பிரெஞ்சு ஓக், கொன்யாக் வைத்த பீப்பாய், ஷெர்ரி வைத்த பீப்பாய் என்றும் போவார்கள்.

உள்ளே மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கும்.

முதல் வேலை, மரம் கொடுப்பது. மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா மணம் தரும் வனிலின் வருகிறது. ஓக் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தரும். கிராம்பில் இருக்கும் யூஜினாலே ஓக்கிலும் இருக்கிறது, அதனால் கிராம்பு வாசனை. கருக்கிய பகுதியிலிருந்து எரிந்த சர்க்கரை வாசனை. பிறகு டானின்: கடும் டீயில், வாழைக்காய்த் தோலில் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு.

இரண்டாவது, காற்று மாற்றுவது. மரத்தின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஆல்கஹாலும் அமிலமும் மெதுவாகச் சேர்ந்து எஸ்டர்கள் உருவாகும். உலர்பழ வாசனை, நெடி மட்டுப்படுவது எல்லாம் இதனால்.

மூன்றாவது, இழப்பு. திரவம் ஆவியாகி வெளியே போகிறது. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் என்பார்கள். ஹலிஸ்கோவின் வெயிலிலும் வறண்ட காற்றிலும் அதைவிடப் பல மடங்கு. கணக்குக்காக 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் ஊற்றினால் மூன்று வருஷத்தில் 161 லிட்டர், ஐந்து வருஷத்தில் 139 லிட்டர், பத்து வருஷத்தில் 97 லிட்டர். பாதிக்கு மேல் காற்றில் போச்சு. ஸ்காட்லாந்து கணக்கில் பத்து வருஷம் கழித்தும் 163 லிட்டர் இருக்கும். பழைய டெக்கீலா ஏன் இந்த விலை என்பதற்கு நேர்மையான காரணங்களில் இது முதலாவது. வெல்வெட் துணி இரண்டாவது. அது நேர்மையான காரணம் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு விஷயமும் புரியும். வெப்பத்தில் மரம் வேகமாகக் கொடுக்கிறது, இழப்பும் வேகம். அதனால் ஹலிஸ்கோவில் மூன்று வருஷம் என்பதை ஸ்காட்லாந்தின் மூன்று வருஷம் மாதிரி நினைக்கக் கூடாது. அங்கே பதினெட்டு வருஷம் என்பது மரியாதை. இங்கே பதினெட்டு வருஷம் என்பது பெரிய சூதாட்டம். அப்படிச் செய்பவர்களும் உண்டு. அகாவே விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த என்ரீக்கே ஃபொன்சேகா 'ஃபுயெந்தெசேகா' என்ற பெயரில் 7 வருஷத்திலிருந்து 21 வருஷம் வரை வயசு போட்டே விற்றிருக்கிறார். இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் பீப்பாய் ஏற்கெனவே களைத்துப்போன பழைய பீப்பாயாக இருக்க வேண்டும், இடம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், யாராவது அடிக்கடி சுவைத்துப் பார்த்து 'போதும்' என்று சொல்ல வேண்டும். புது மரத்தில் பத்து வருஷம் வைத்தால் பலகைக் கஷாயம்தான் கிடைக்கும்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருவோம். வனிலின், லாக்டோன், டானின் எல்லாம் ஓக்குக்குச் சொந்தம். போர்பனிலும் கொன்யாக்கிலும் ரம்மிலும் அதே சாமான்தான். பீப்பாய் நாள் கூடக் கூட எல்லாச் சரக்கும் ஒரே திசையில் நகரும், ஒன்றுபோல ஆகும். செடியின் மணங்களோ பல சமயம் மென்மையானவை. சில ஆவியாகும், சில மாறும், மீதி மரத்தின் சத்தத்தில் கேட்காமல் போகும். ஆகவே பழைய டெக்கீலாவைச் சுவைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு மென்மையாக இருக்கிறது' என்பது இல்லை. 'அகாவே இன்னும் இருக்கிறதா' என்பதுதான்.

ஒரு சதவீத விவகாரம்

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு பாதிப் பொய்யாகிவிடும். சட்டம் நாலு பொருளைச் சேர்க்க அனுமதிக்கிறது: கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு. மொத்த எடையில் 1 சதவீதத்துக்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. 100 சதவீதம் அகாவே என்று போட்டதற்கும் இது பொருந்தும்.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 750 மில்லி பாட்டிலில் இருக்கும் திரவம் சுமார் 710 கிராம். அதில் ஒரு சதவீதம் 7 கிராம். ஒரு டீஸ்பூனுக்குக் குறையாது. இனிப்பூட்டவும் வெனிலா மணம் ஏற்றவும் நிறம் கூட்டவும் அது தாராளமாகப் போதும். எல்லாரும் சேர்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. சேர்க்காதவர்களும் நிறைய. சேர்ப்பது சட்டவிரோதமும் இல்லை. ஆனால் இதனால் வாங்குபவருக்கு ஒரு பாடம்: நிறத்தைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள். கிளாஸ் ஓரத்தில் எண்ணெய் மாதிரி மெதுவாக வழிகிறதே என்று அசந்துபோகாதீர்கள். கிளிசரினும் அப்படித்தான் வழியும்.

சந்தேகம் வருகிற இடங்கள் என்று நான் குறித்து வைத்தவை: மூக்கில் கேக் கடை வாசனை வந்து அதன் பின்னால் எதுவுமே வராமல் இருப்பது, உதட்டில் பிசுபிசுப்பு, நாக்கு நுனியில் இனிப்பு வந்து அங்கேயே நின்றுவிடுவது, நிறம் ரொம்பக் கருத்து, ஆனால் துவர்ப்பே இல்லாமல் இருப்பது. கடைசிதான் எனக்கு மிக உதவுகிறது. நிஜமாகவே பல வருஷம் மரத்தில் இருந்தது என்றால் டானின் கொஞ்சமாவது இழுக்க வேண்டும். இவையெல்லாம் அடையாளங்கள்தான், நிரூபணம் இல்லை. கெட்டிக்காரப் பீப்பாய்க்காரர் ஒருத்தர் இவற்றைப் பொய்யாக்க முடியும்.

தண்ணீர் மாதிரி தெளிவாக, ஆனால் 'நாள்பட்டது' என்று விற்கும் கிரிஸ்தலினோவும் இங்கேயே வரும். பீப்பாயில் வைத்ததைச் செயலூட்டிய கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். 2011-ல் வந்த 'டான் ஹூலியோ 70' இதைப் பிரபலமாக்கியது. நிறத்தோடு சேர்ந்து வேறு சிலவும் கரியில் தங்கிவிடும். சிலருக்குப் பிடிக்கிறது. எனக்கு, வடித்த ரசத்தைத் தெளிவாக்குவதற்காக இன்னொரு முறை வடிகட்டின மாதிரி.

சுவைப்பது எப்படி

உப்பும் எலுமிச்சையும் இன்றைக்கு லீவு. அவை மோசமான சரக்கின் நெடியை மறைக்க வந்த கூட்டாளிகள். சின்ன ஷாட் கிளாஸும் வேண்டாம். அது மூக்குக்கு எதையும் சேர்க்காது. அடி விரிந்து வாய் குறுகிய கிளாஸ் எதுவானாலும் சரி, சின்ன வைன் கிளாஸ் போதும். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். சாப்பாட்டுக்கு முந்தின நேரம் நல்லது. அன்றைக்கு அறையில் ஊதுவத்தியும் சென்ட்டும் வேண்டாம். அளவு இருபது மில்லி தாராளம்.

இப்போது முக்கியமான விஷயம். பழையதைத் தனியாகச் சுவைக்காதீர்கள். அதே ஆலையின் பிளாங்கோவைப் பக்கத்தில் வையுங்கள். நோம் எண் கைகொடுப்பது இங்கேதான். பிளாங்கோதான் அந்த ஆலையின் செடி என்ன பேசுகிறது என்று காட்டும். குழந்தைப் படம் பார்த்தால்தான் கிழவர் முகத்தில் பழைய சாயலைக் கண்டுபிடிக்க முடியும். நான் இரண்டு வருஷம் பழையதை மட்டுமே சுவைத்து வீணாக்கியதற்குக் காரணம் இதை யாரும் சொல்லித்தராததுதான்.

1. முதலில் பிளாங்கோவை முகருங்கள். மூக்கை உள்ளே விடாமல் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு. ஆல்கஹால் குத்துவது குறையும். கிடைக்கும் வாசனைகளை எழுதுங்கள்.

2. ஒரு மிடறு. முதல் மிடறு வாயைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவதை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். மணத்தின் பாதி அந்த வெளிமூச்சில்தான் வரும்.

3. தண்ணீர் குடித்துவிட்டுப் பழையதற்கு வாருங்கள். ஊற்றிப் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். ஊற்றியவுடன் முன்னால் வந்து நிற்பது மரமும் ஆல்கஹாலும். பின்வரிசையில் நிற்பவர்கள் வரக் கொஞ்சம் நேரமாகும்.

4. முகரும்போது மரத்தின் சாமான்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி ஓரம் வையுங்கள்: வெனிலா, தேங்காய், கிராம்பு, எரிந்த சர்க்கரை. மீதி என்ன இருக்கிறது? பிளாங்கோவில் பார்த்த கிழங்கு, மிளகு, எலுமிச்சைத் தோல் ஏதாவது தலைகாட்டுகிறதா?

5. பாதி குடித்ததும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நெடி குறைந்து புதிய மணம் திறந்தால் நல்லது. வெறும் இனிப்புத் தண்ணீராகச் சரிந்தால் அதையும் எழுதுங்கள்.

6. விழுங்கிய பிறகு கடிகாரம் பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட எது நிற்கிறது என்பது முக்கியம். துவர்ப்பு மட்டும் நின்றால் மரம் ஜெயித்துவிட்டது. மிளகும் கிழங்கும் திரும்பி வந்தால் செடி பிழைத்திருக்கிறது.

7. காலியான கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பரீட்சை. ஆல்கஹால் போன பிறகு மிச்சம் இருப்பவர்கள் ரொம்ப நேர்மையானவர்கள்.

குறிப்பு எழுதும்போது ஆங்கிலச் சுவைக்குறிப்புகளைக் காப்பியடிக்க வேண்டாம். நானும் ஆரம்பத்தில் 'பட்டர்ஸ்காட்ச், அத்திப்பழம், சுருட்டுப் பெட்டி' என்றுதான் எழுதினேன். சுருட்டுப் பெட்டியை நான் என் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. உங்கள் மூக்குக்குத் தெரிந்தது பதநீர், பனங்கற்கண்டு, ஊறவைத்த புளி, பழைய மரப்பெட்டி, கோயில் சந்தனம் என்றால் அதை எழுதுங்கள். அடுத்த முறை அதே வாசனை வந்தால் அடையாளம் தெரியும். குறிப்பின் வேலையே அதுதானே.

எதற்குக் காசு கொடுப்பது

மூன்று முதல் ஐந்து வருஷம் வரை இருப்பவற்றில்தான் செடியும் மரமும் சேர்ந்து பேசுகிற சரக்கு எனக்கு அதிகம் கிடைத்தது. அதற்கு மேல் போனால் அதிர்ஷ்டமும் ஆளின் திறமையும் வேண்டும். இது என் நாக்கு சொன்னது, விதி இல்லை.

பீப்பாய் என்ன பீப்பாய் என்று பாருங்கள். அரந்தாஸ் மலைப்பகுதியின் 'எல் தெசோரோ பரதீசோ' கொன்யாக் வைத்த பீப்பாயில் ஐந்து வருஷம் இருப்பது. 'டியர்ஸ் ஆஃப் லொரோனா' ஸ்காட்ச், ஷெர்ரி, பிராந்தி என்று மூன்று வகைப் பீப்பாய்களில் ஐந்து வருஷம் வைத்துக் கலப்பது. இப்படி வெளிப்படையாகச் சொல்பவர்களின் சரக்கில் என்ன தேட வேண்டும் என்று நமக்குத் தெரியும். 'தேர்ந்தெடுத்த சிறப்புப் பீப்பாய்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் தெரியாது.

குப்பியின் அழகுக்குத் தனி விலை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முடிந்தவரை பாட்டில் வாங்குமுன் நல்ல பாரில் ஒரு பெக் வாங்கிப் பாருங்கள். வாங்கித் திறந்த பாட்டிலை வருஷக்கணக்கில் அலமாரியில் காட்சிக்கு வைக்காதீர்கள். கண்ணாடிக்குள் அது இன்னும் முதிராது. பாதி காலியான பாட்டிலில் காற்றுதான் வேலை செய்யும், மணம் மங்கும்.

கேள்விக்குப் பதில்

போன டிசம்பரில் அதே நண்பனை ஒரு பாருக்கு அழைத்துப் போனேன். அன்று பிறந்தநாளுக்கு வாங்கிய அதே சரக்கில் ஒரு பெக், அதே ஆலையின் பிளாங்கோவில் ஒரு பெக். இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தோம். பிளாங்கோவில் சுட்ட கிழங்கும் மிளகும் தெளிவாக இருந்தன. பழையதில் பத்து நிமிஷம் காத்திருந்தும் வெனிலா, வெனிலா, அப்புறம் கொஞ்சம் வெனிலா. ஆக அவன் அன்றைக்குக் கேட்டது சரிதான். அந்தப் பாட்டிலுக்குக் கொன்யாக்கே வாங்கியிருக்கலாம்.

பிறகு மூன்றாவதாக ஒன்று சொன்னேன். மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் களைத்த பீப்பாயில் இருந்தது. சாதாரணக் குப்பி, விலை முதலாவதில் பாதிகூட இல்லை. நிறமும் வெளுப்பு. அவன் முகர்ந்தான், குடித்தான், மூக்கால் மூச்சு விட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பிளாங்கோ கிளாஸை எடுத்து மறுபடி முகர்ந்துவிட்டுச் சொன்னான்: "இது அதுவேதான்டா. வயசாயிருக்கு, அவ்வளவுதான்."

என் நோட்டில் அன்றைக்கு நான் எழுதியது அந்த ஒரு வரி மட்டும்தான். நாள்பட்ட டெக்கீலாவிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஏழெட்டு வருஷம் வெயிலில் நின்று, ஒரு முறைகூடப் பூக்காமல் வெட்டுப்பட்ட செடி அது. பீப்பாயிலிருந்து வெளியே வரும்போது அதன் குரல் கொஞ்சமாவது கேட்க வேண்டாமா?